நட்சத்திரம் இல்லாத பாயிண்ட் கார்டு: எந்த மட்டம் வரை போவான்?

அரைக்கோடு:

நட்சத்திரம் போட்டு ரேட்டிங் தரும் தளங்களில் பெயரே இல்லாத ஒரு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரனை எப்படி எடை போடுவது என்ற பேச்சு இன்னொரு இழையில் பாதியில் நின்றது. ஒருத்தர் "செமயா ஆடுறான்" என்கிறார், இன்னொருத்தர் "சின்ன ஸ்கூல்தானே" என்கிறார், அவ்வளவுதான். அதனால் தனியாகத் திறக்கிறேன். நிஜப் பையன்கள் யாருடைய பெயரும் இங்கே வேண்டாம், எல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைகள். கற்பனையாக ஒருவனை வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் நானே கட்டியவை, கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக.

பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். பதினோராம் வகுப்பு முடித்துவிட்டான். பள்ளியின் பட்டியலில் 6 அடி 2 அங்குலம். ஷூ இல்லாமல் சுவரோடு நிறுத்தினால் 6 அடி அரை அங்குலம். கை விரிப்பு 6 அடி 5. எடை 158 பவுண்டு. மாநிலத்தின் சிறிய பிரிவில் ஆடும் அரசுப் பள்ளி. 22 ஆட்டத்தில் 528 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 24. இரண்டு புள்ளி ஷாட் 215க்கு 112, மூன்று புள்ளி 155க்கு 62, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) 137க்கு 118. 132 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி போடக் கொடுத்த பாஸ்), 66 டர்ன்ஓவர் (எதிரணியிடம் பந்தை இழந்தது). ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, 3.6. ஸ்காலர்ஷிப் ஆஃபர் ஒன்றும் இல்லை. டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்கில் நடு அடுக்கு) உதவிக் கோச்சுகள் இரண்டு பேர் மெசேஜ் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

இவன் எந்த மட்டம்? எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? காரணம் இல்லாத தீர்ப்பு வேண்டாம்.

ரிம்ரன்னர்:

24 புள்ளி போடுறவனை ஒருத்தனும் கூப்பிடலன்னா கோச்சுங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நைக்கி கம்பெனி நடத்துற கிளப் சர்க்யூட்ல டீம் எதுலயாவது சேர்த்து விடுங்க, ஜூலையில அதோட பெரிய போட்டி பீச் ஜாம்ல ரெண்டு ஆட்டம் ஆடட்டும், ஆஃபர் கொட்டும்.

கணக்குப்பிள்ளை:

ரிம்ரன்னர் தம்பி, அந்த 24-ஐக் கொஞ்ச நேரம் துணி போட்டு மூடி வையுங்கள். பள்ளி ஆட்டம் 32 நிமிடம், கல்லூரி ஆட்டம் 40. கல்லூரியில் 30 வினாடி ஷாட் கிளாக், அதற்குள் எறிந்தாக வேண்டும். பள்ளிகளில் அதை மாநிலங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று 35 வினாடிக்கு அனுமதி வந்ததே 2022-23 சீசனில்தான், இன்னும் வைக்காத மாநிலங்கள் உண்டு. ஒரு பள்ளி ஓடி ஓடி ஆடும், இன்னொன்று பந்தை ஒரு நிமிடம் கையில் வைத்திருக்கும். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பது இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடும்.

அதற்குப் பதில் ட்ரூ ஷூட்டிங் போடுங்கள், எடுத்த முயற்சிக்கு எத்தனை புள்ளி வந்தது என்ற கணக்கு. ஷாட் முயற்சி 215 + 155 = 370. ஃப்ரீ த்ரோ முயற்சியில் 0.44 பங்கு, அதாவது 60.3. கூட்டினால் 430.3, இரட்டித்தால் 860.6. புள்ளி 528-ஐ அதால் வகுத்தால் 61.4 சதவீதம். கல்லூரியில் ஒரு கார்டு 60-ஐத் தொட்டாலே தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படியானால் பையன் அசத்தல் என்று தோன்றும். பொறுங்கள்.

அரைக்கோடு, எதிரணியில் கல்லூரியில் ஆடப்போகிற ஒருவனாவது இருந்த ஆட்டங்களை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியுமா?

அரைக்கோடு:

கொடுக்கிறேன். அப்படி 6 ஆட்டம் என்று வையுங்கள். 102 புள்ளி, 96 ஷாட் முயற்சி, 24 ஃப்ரீ த்ரோ முயற்சி, 24 அசிஸ்ட், 27 டர்ன்ஓவர்.

கணக்குப்பிள்ளை:

அப்படியா. இந்த ஆறில் ட்ரூ ஷூட்டிங்: 96 + 10.56 = 106.56, இரட்டித்தால் 213.12. 102-ஐ வகுத்தால் 47.9. மீதி 16 ஆட்டத்தில் 426 புள்ளி, 274 ஷாட், 113 ஃப்ரீ த்ரோ: 65.8.

அசிஸ்ட் கணக்கிலும் அதே ஓட்டைதான். எளிய 16 ஆட்டத்தில் 108 அசிஸ்டுக்கு 39 டர்ன்ஓவர். கடினமான ஆறில் 24க்கு 27. பந்தைக் கொடுத்ததைவிட இழந்தது அதிகம்.

ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்: எளிய ஆட்டத்தில் ஆட்டத்துக்கு 7 முறை கோட்டுக்குப் போகிறான், கடினமானதில் 4. அதாவது நல்ல உடம்பு எதிரே நின்றால் வளையம் வரை போக முடியவில்லை. கோச்சுகள் மௌனமாக இருப்பதற்குக் காரணம் இந்த வரிசையிலேயே இருக்கலாம். ஆனால் ஆறு ஆட்டம்தான், அதை வைத்துத் தூக்கில் போடவும் கூடாது. எண்கள் எந்த ஆட்டத்தின் வீடியோவை முதலில் திறக்க வேண்டும் என்று காட்டும். ஏன் என்பதற்கு வீடியோதான்.

ஸ்கார்பரோ பெடியன்:

கணக்கர் அண்ணை சொன்ன ஆறு ஆட்டத்தையும் முழுசாப் பாக்கோணும். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில டர்ன்ஓவர் ஒண்டும் இருக்காது. முழு ஆட்ட வீடியோ, கையில ஒரு கொப்பி.

முதல் கேள்வி: எதிரணி என்ன செய்யுது? சின்னப் பள்ளியில பந்தைக் கொண்டு போகத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் எண்டால், நல்ல கோச் எல்லாரும் ஒண்டைத்தான் செய்வினம். பாக்ஸ் அண்ட் ஒன் போட்டு ஒருத்தனை இவனில ஒட்டி விடுவினம், இல்லாட்டி அரைக்கோட்டைத் தாண்டின உடனே மூலையில தள்ளி ரெண்டு பேர் மறிப்பினம். அந்த 27 டர்ன்ஓவரில பாதி அங்கே போயிருந்தால் அது வேற கதை. கல்லூரியில பக்கத்தில இன்னும் ரெண்டு கார்டு நிப்பாங்கள்.

டர்ன்ஓவரை மூண்டாப் பிரிச்சு எழுதுங்கோ: பந்து கையை விட்டுப் பறிபோனது, பாஸை வெட்டி எடுத்தது, ட்ராவல் மாதிரி விசில் ஊதினது. முதலாவது கூட எண்டால் கைக்கும் உடம்புக்கும் பிரச்சினை. ரெண்டாவது எண்டால் ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ, பாஸ் பிந்திப் போச்சுதா, இல்லாட்டி முந்தியே கண்ணால காட்டிக் குடுத்திட்டானா எண்டு.

பிறகு பிக் அண்ட் ரோல், கூட்டாளி ஒருத்தன் ஸ்கிரீனா நிண்டு இவனைக் காக்கிறவனை மறிக்கிற ஆட்டம். ஒரு 40 தரம் எண்ணுங்கோ. ஸ்கிரீன் வலப்பக்கம் வந்தது எத்தனை, இடப்பக்கம் எத்தனை. எதிரணிப் பெரியவன் பின்னால நிண்டால் 15 அடியில நிண்டு எறியிறானோ, மேல ஏறி வந்தால் பந்தை உயர்த்தி மறுபக்க மூலைக்குக் குடுக்கிறானோ, ஆள் மாத்தினால் என்ன செய்யிறான். இடப்பக்கம் போகேக்கை ஒவ்வொரு தரமும் உடம்பைத் திருப்பி வலக்கைக்கு மாத்திறான் எண்டால், கல்லூரியில ஒரு ஆட்ட வீடியோவோட பிடிச்சிடுவினம்.

ஒண்டு தனியா எழுதுங்கோ: பாஸ் சரி, வாங்கினவன்ட கை வழுக்கினது. சின்னப் பள்ளியில இது நிறைய வரும். பேப்பரில அசிஸ்ட் இல்லை, ஆனா பெடியன் பாத்த இடம் சரி. அண்டர்ரேட்டட் எண்டு உண்மையாச் சொல்லக்கூடிய ஆக்களிட்டை இந்தப் பத்தி நீளமா இருக்கும்.

மூலை_மூன்று:

ஷூட்டிங் பற்றி யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

155க்கு 62, 40 சதவீதம். கேட்க இனிக்கிறது. ஆனால் 155 முயற்சி என்பது சின்ன எண்ணிக்கை. இந்த அளவில் பிழை வீச்சு ஏறக்குறைய 8 சதவீதம் இந்தப் பக்கமும் 8 அந்தப் பக்கமும். அவனுடைய நிஜத் திறமை 32 ஆகவும் இருக்கலாம், 48 ஆகவும் இருக்கலாம். மேலும் பள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம். கல்லூரி ஆண்கள் கோடு 2019-20இலிருந்து 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம். இரண்டுக்கும் நடுவே 2 அடி நாலே முக்கால் அங்குலம் இருக்கிறது. 158 பவுண்டுப் பையன் அந்தத் தூரத்தைக் காலால் ஈடுகட்ட வேண்டும்.

நான் அதிகம் நம்புவது ஃப்ரீ த்ரோவை. 137க்கு 118, 86 சதவீதம். வீச்சு 6 சதவீதம்தான், அதாவது மோசமாகப் பார்த்தாலும் 80. கோடும் மாறாது, மறிக்க ஆளும் கிடையாது, கை மட்டும்தான். கை நல்ல கை.

மீதி வேகம். செல்ஃபோன் வீடியோ போதும். பந்து கையில் பட்ட ஃபிரேமிலிருந்து விரல் நுனியை விட்டுப் போகும் ஃபிரேம் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுங்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் 21 வந்தால் 0.7 வினாடி. 30 வந்தால் முழு ஒரு வினாடி. பள்ளியில் ஒரு வினாடி கிடைக்கும், ஏனென்றால் ஓடி வருகிறவன் ஐந்தடி பத்து. கல்லூரியில் 6 அடி 6 அங்குலக்காரன் இரண்டே எட்டில் முகத்துக்கு முன் கையை நீட்டுவான். பத்து ஷாட் எண்ணிச் சராசரி எடுங்கள். பாஸ் சரியாக மார்புக்கு வந்தவை மட்டும் வேண்டாம். முழங்காலுக்கு வந்ததையும் சேருங்கள்.

மெதுவாக இருந்தால் எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பந்தை இடுப்பு வரை இறக்கி அங்கிருந்து தள்ளுவான். தோளில் பலம் போதாதபோது உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி அது. என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியே பள்ளியில் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து எறிந்தவர்தான். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் அப்பா டெல் கரி அதைத் தலைக்கு மேலே மாற்றினார். மாற்றும்போது முதலில் எல்லாமே கெட்டுப்போகும், சதவீதம் சரியும். கோச்சுகள் பார்க்க வரும் ஜூலைக்கு மூன்று வாரம் முன்பு இதில் கை வைக்கிறவர்களை என்ன சொல்வது.

ரிம்ரன்னர்:

கரியையே யாரும் எடுக்கலல்ல. அதைத்தானே நானும் சொல்றேன்.

கணக்குப்பிள்ளை:

டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி எடுத்தது, தம்பி. பெற்றோர் படித்த வர்ஜீனியா டெக் ஸ்காலர்ஷிப் தராமல் வாக்-ஆன் இடம் மட்டும் சொன்னது. அங்கே போயிருந்தால் முதல் ஆட்டத்திலேயே 13 டர்ன்ஓவர் செய்தவனை அடுத்த ஆட்டத்தில் இறக்கியிருப்பார்களா? டேவிட்சனில் செய்தார், இறக்கினார்கள், அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 போட்டார். எந்தக் கல்லூரி என்பதைவிட, தப்பு செய்தால் அங்கே வெளியே உட்காரவைப்பார்களா என்பது பெரிய கேள்வி.

ஆனால் இந்தப் பட்டியலை நீட்டினால் ஒரு பொறி இருக்கிறது. சின்னக் கல்லூரியிலிருந்து என்.பி.ஏ.வுக்குப் போனவர்களை லில்லர்ட் வெபர் ஸ்டேட், மெக்கலம் லீஹை, மொரான்ட் மர்ரே ஸ்டேட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தவறவிட்டவர்களில் ஜெயித்தவர்கள் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கணக்கிலேயே சொல்வது: பள்ளியில் ஆடும் பையன்களில் ஏறத்தாழ 3.5 சதவீதம் பேர் அதன் மூன்று டிவிஷனில் ஏதோ ஒன்றில் ஆடுகிறார்கள். டிவிஷன் 1 மட்டும் என்றால் நூற்றுக்கு ஒருவர்.

அரைக்கோடு:

சரி, உயரம்? 6 அடி அரை அங்குலத்தோடு கதை முடிந்ததா, இன்னும் வளர்வானா?

ஸ்கார்பரோ பெடியன்:

பிறந்த தேதி கேளுங்கோ முதலில. ஒரே வகுப்பில 16 வயசு 10 மாசத்துப் பெடியனும் இருப்பான், ஒரு வருசம் பிந்தி ஏறின 18 வயசுக்காரனும் இருப்பான். ரெண்டு பேரும் ஒரே 24 புள்ளி போட்டால் சின்னவனைத்தான் எடுக்கோணும். பிறகு தகப்பன்ட உயரம், அண்ணன்ட உயரம், தாய்மாமன்ட உயரம். போன ஒரு வருசத்தில எத்தினை அங்குலம் போனவன் எண்டு சுவரில கோடு கீறி வச்சிருந்தால் இன்னும் நல்லம்.

சி.ஜே. மெக்கலம் ஒஹாயோவில ஒன்பதாம் வகுப்பில 5 அடி 2. டெரிக் வைட் 6 அடியோட பள்ளி முடிச்சு, டிவிஷன் 2 கொலராடோ ஸ்பிரிங்ஸில போய் வளந்தவர். மூண்டு சீசன் அங்கே, பிறகு கொலராடோ, 2017இல 29ஆவது ஆளா என்.பி.ஏ. ட்ராஃப்ட், 2024இல பாஸ்டனோட சாம்பியன். பிந்தி வளந்தவனிட்டை ஒரு லாபம் இருக்கு பாருங்கோ: குள்ளனா இருந்த காலத்தில பழகின பந்துக் கை அவனோடயே மேல வரும்.

ஆனால் வளருவான் எண்டு நம்பித் திட்டம் போடக் கூடாது. இவனிட்டை இப்பவே இருக்கிறது கை விரிப்பு. உயரத்தைவிட நாலரை அங்குலம் கூட, அது நல்ல எண். சான்டா கிளாரா கல்லூரி வழியா என்.பி.ஏ.க்குப் போன ஜேலன் வில்லியம்ஸுக்கு விரிப்பு 7 அடி 2. கோச்சுக்கு மெயில் எழுதேக்கை 6 அடி 2 எண்டு பொய் எழுதாமல் 6 அடி அரை, விரிப்பு 6 அடி 5 எண்டு எழுதினால் நம்பிக்கையும் வரும், அந்த விரிப்பும் கண்ணில படும். நேரில வந்து பக்கத்தில நிண்டு பாக்கத்தான் போறாங்கள்.

மூலை_மூன்று:

தடுப்பாட்டத்தை மறந்துவிட்டோம். சின்னப் பள்ளியில் நட்சத்திரப் பையனை ஃபவுல் வாங்காமல் காப்பாற்ற 2-3 ஜோனில் (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் தடுப்பு) மூலையில் நிறுத்தி வைப்பார்கள். பள்ளி வீடியோ முழுக்கப் பார்த்தாலும் அவன் ஒருத்தனை நேருக்கு நேர் மறிப்பதையே பார்க்க முடியாது. அவன் மோசம் என்று அர்த்தமில்லை, சாட்சி இல்லை. ஏ.ஏ.யூ. (பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப்) ஆட்ட வீடியோவில் தேடுங்கள்: ஸ்கிரீன் வரும்போது மார்பைக் கொடுத்து மேலே ஏறிப் போகிறானா, முதுகைக் காட்டி ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறானா. கல்லூரியில் முதல் வருடப் பையன் உள்ளே வந்தால் எதிரணி அடுத்த மூன்று தடவையும் அவனைத்தான் ஸ்கிரீனில் மாட்டும்.

பெஞ்ச்_பொருளாளர்:

இவ்வளவு நேரம் பையனைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். வாங்குகிற கடை எப்படி மாறிவிட்டது என்று பார்க்காவிட்டால் இந்த எடை போடுதலுக்கு அர்த்தமே இல்லை.

2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். 2021இல் ஒரு முறை மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரத் தேவையில்லை என்றார்கள். 2024 ஏப்ரலில் இருந்து படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதை ஏற்ற கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், கூடைப்பந்து அணியில் 15 பேர் வரம்பு.

ஒரு நடுத்தர டிவிஷன் 1 கோச்சின் இடத்தில் உட்காருங்கள். கையில் 15 இடம். ஒருபக்கம் 22 வயது, 200 பவுண்டு, நூறு கல்லூரி ஆட்டம் ஆடியவன் போர்ட்டலில். மறுபக்கம் 158 பவுண்டுப் பையன், இரண்டு வருடம் ஊட்டி வளர்த்தால் ஆடுவான், ஆடத் தொடங்கியதும் பெரிய கல்லூரி தூக்கிக்கொண்டு போய்விடும். வளர்ப்பவன் ஒருத்தன், அறுப்பவன் இன்னொருத்தன். நான் கோச்சாக இருந்தாலும் முதலாமவனைத்தான் எடுப்பேன். பூஜ்ய ஆஃபருக்குக் கண் அவிந்துபோக வேண்டியதில்லை, ரிம்ரன்னர்.

ஆனால் அதே கதவு கீழிருந்து மேலேயும் திறக்கிறது. சமீபத்தில் பார்த்ததில் பென்னட் ஸ்டர்ட்ஸைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை. மிசௌரிக்காரர், பள்ளி முடித்தபோது டிவிஷன் 1 ஆஃபர் இல்லை. மேரிவில்லில் இருக்கும் நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டுக்குப் போனார், டிவிஷன் 2. ஆனால் பென் மெக்கலம் பயிற்சியில் 2017, 2019, 2021, 2022 என்று நான்கு தேசியப் பட்டம் வென்ற டிவிஷன் 2. 2024இல் கோச் டிவிஷன் 1 கல்லூரியான ட்ரேக்குக்கு மாறியபோது ஸ்டர்ட்ஸையும் சேர்த்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். 31 வெற்றி, 4 தோல்வி. டிவிஷன் 1 தேசியப் போட்டியான மார்ச் மேட்னஸில் மிசௌரியைத் தோற்கடித்தார்கள். ஸ்டர்ட்ஸ் ஏறக்குறைய 40 நிமிடமும் களத்தில் நின்றார், அவருடைய லீகில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். 2025இல் கோச்சோடு அயோவா.

டால்டன் நெக்ட் இன்னொரு வழி: கொலராடோவில் ஒரு ஜூனியர் காலேஜ், பிறகு நார்தர்ன் கொலராடோ, பிறகு டென்னஸி, 2024இல் 17ஆவது ட்ராஃப்ட். டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் காலேஜ் என்ற டிவிஷன் 3இலிருந்து மிச்சிகன்.

இவர்கள் எல்லாரும் முதல் வருடத்திலிருந்தே களத்தில் நின்றவர்கள், ராபின்சனையும் சேர்த்து. டிவிஷன் 1 என்ற பெயருக்காக எங்கோ பதினான்காவது ஆளாக உட்கார்ந்தால், இரண்டு வருடம் கழித்துப் போர்ட்டலில் நுழையும்போது காட்ட ஒரு நிமிட வீடியோ இருக்காது.

டல்லாஸ் அப்பா:

நல்ல விவாதம். ஒரு சந்தேகம். 3.6 ஜி.பி.ஏ. இருக்கே, அதை வைத்து நல்ல படிப்புக் கல்லூரிப் பக்கம் தள்ள முடியாதா? ஐவி லீகில் ஸ்காலர்ஷிப் உண்டா?

பெஞ்ச்_பொருளாளர்:

டல்லாஸ் சார், ஐவியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிதான். ஹவுஸ் சமரசத்திலும் அவர்கள் சேரவில்லை. 3.6 அங்கே கடினம், அதுவும் ஆட்டத்தில் அவர்களே தேடி வருகிற அளவுக்கு இவன் இல்லாதபோது. பேட்ரியட் லீகில் லீஹை, பக்னெல் போன்றவை ஸ்காலர்ஷிப் தருகின்றன. சி.ஜே. மெக்கலம் போனது லீஹைக்குத்தான், 2012இல் டியூக்கை 75-70இல் வீழ்த்தியபோது 30 புள்ளி. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது, படிப்புக்கும் வருமானத்துக்கும் உதவி உண்டு. டிவிஷன் 2இல் ஆண்கள் அணிக்கு மொத்தம் 10 ஸ்காலர்ஷிப் மதிப்பு, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதனால் "ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்றால் எத்தனை சதவீதம், விடுதியும் சாப்பாடும் சேர்த்தா, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க நிபந்தனை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 3.6க்குக் கிடைக்கும் படிப்புத் தொகையும் பாதி விளையாட்டுத் தொகையும் சேர்ந்தால் சில இடங்களில் முழுச் செலவும் நின்றுவிடும். கோச்சுக்கும் அது லாபம், அவர் கையிருப்பு மிச்சம்.

இன்னொன்று. 3.6 என்பது பள்ளி போட்ட எண்ணா, கோர் பாடங்களின் எண்ணா? என்.சி.ஏ.ஏ. எடுப்பது அவர்கள் அங்கீகரித்த 16 கோர் பாடங்களை மட்டும். டிவிஷன் 1க்கு அதில் 2.3 வேண்டும், டிவிஷன் 2க்கு 2.2. டிவிஷன் 1க்குப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் 10 பாடம் முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல். அந்தப் பத்தின் மதிப்பெண் அதோடு பூட்டிவிடும். பிறகு திரும்ப எழுதிக் கூட்ட முடியாது. எஸ்.ஏ.டி. 2023இலிருந்து தகுதிக்குத் தேவையில்லை, கல்லூரி தனியாகக் கேட்கலாம். பள்ளியின் கவுன்சலர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். டிவிஷன் 1க்கு யாரையும் அனுப்பிப் பழகாத சின்னப் பள்ளியில் அவருக்கே இந்தப் பட்டியல் தெரியாமல் இருக்கும்.

ரிம்ரன்னர்:

சரிங்க, ஒத்துக்கிறேன். அப்போ இப்ப என்னதான் செய்யணும்? பதினொண்ணு முடிஞ்சிருச்சு, ஒரு ஜூலைதான் பாக்கி.

அரைக்கோடு:

நல்ல கேள்வி. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15இலிருந்தே டிவிஷன் 1 கோச்சுகள் நேரடியாகப் பேசலாம். ஒரு வருடமாகப் பேசவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

பெஞ்ச்_பொருளாளர்:

முதலில் 40 கல்லூரி எழுதுங்கள்: 10 கீழ்நிலை டிவிஷன் 1, 20 டிவிஷன் 2, மீதி டிவிஷன் 3. ஒவ்வொன்றின் ரோஸ்டர் பக்கத்தையும் திறந்து மூன்றே விஷயம் பாருங்கள். அடுத்த வசந்தத்தில் எத்தனை கார்டுகள் முடித்து வெளியேறுகிறார்கள். கடந்த இரண்டு வருடத்தில் பள்ளியிலிருந்து நேராக எத்தனை பேரை எடுத்தார்கள், அவர்கள் இன்னும் இருக்கிறார்களா. அந்தப் பையன்கள் முதல் வருடம் எத்தனை நிமிடம் ஆடினார்கள். இரண்டு வருடமாக ஒரு ஃப்ரெஷ்மேனையும் எடுக்காத அணியை அடித்துவிடுங்கள், அவர்கள் அனுப்பும் முகாம் அழைப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். 40இல் 12 மிஞ்சினால் அதிகம்.

அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் மெயில், தலைமைக் கோச்சுக்கும் கார்டுகளைப் பார்க்கும் உதவிக் கோச்சுக்கும். தலைப்பிலேயே பட்டம் பெறும் ஆண்டு, இடம், ஷூ இல்லாத உயரம், கை விரிப்பு, கோர் ஜி.பி.ஏ. உள்ளே ஐந்து வரி. மூன்று நிமிட வீடியோ ஒன்று, முழு ஆட்டம் இரண்டு. ஒன்று அந்தக் கடினமான ஆறிலிருந்து. ஜெர்சி நிறமும் எண்ணும் எழுதுங்கள், இல்லையென்றால் பார்க்கிறவர் இவனைத் தேடியே அரை நிமிடம் போய்விடும். ஜூலை ஆட்டங்களின் ஊர், அரங்கம், நேரம் கடைசி வரியில். அழைப்புக் கடிதம் ஆயிரம் பேருக்குப் போகிறது, முகாமுக்குக் கட்டணமும் நாம்தான் கட்டுகிறோம். கோச் தன் குரலில் பேசி, இவன் ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட ஷாட்டைச் சொன்னால் மட்டும் போகலாம்.

ஆஃபர் வந்தால் ஒரே கேள்வி: "இன்றைக்கே சரி என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் (இந்தக் கல்லூரிக்கே வருவேன் என்ற கையெழுத்து) 2024 அக்டோபரில் போய்விட்டது, இப்போது கையெழுத்தாவது நிதி உதவி ஒப்பந்தம்தான். அது வரும் வரை வாயால் சொன்னதெல்லாம் வாயால் சொன்னதுதான்.

ஸ்கார்பரோ பெடியன்:

நான் ஒரு வருசம் ப்ரெப் பள்ளிக்கு அனுப்புவன். நியூ இங்கிலாந்தில போஸ்ட்-கிராஜுவேட் வருசம், பள்ளி முடிச்ச பிறகு படிக்கிற கூடுதல் வருசம். ராபின்சன் எக்ஸீட்டரில செய்த மாதிரி. 15 பவுண்டு ஏத்தி, ஒவ்வொரு கிழமையும் கல்லூரிக்குப் போற ஆக்களோட ஆடினால் அந்த 47.9 என்னவாகுது எண்டு தெரிஞ்சிடும்.

பெஞ்ச்_பொருளாளர்:

கட்டணத்தில் உதவி கிடைத்தால் சரி. முழுப் பணம் கட்டி என்றால் நான் ஒப்பவில்லை. ஒரு வருடம் பெரியவனாகி வந்தாலும் எதிரே நிற்பது அதே 22 வயதுக்காரன்தான். அந்த வருடத்தை ஒரு நல்ல டிவிஷன் 2இல் ஆடினால் கல்லூரி வீடியோவே கையில் இருக்கும். கோர் பாடக் கணக்கிலும் பார்த்துக்கொள்ளுங்கள்: பள்ளியை நேரத்தில் முடித்த பிறகு டிவிஷன் 1க்கு ஒரே ஒரு பாடம்தான் கூடுதலாகச் சேர்க்கலாம். ப்ரெப் வருடம் பழைய மதிப்பெண்ணைக் கழுவிவிடாது.

கணக்குப்பிள்ளை:

என் தீர்ப்பு, அரைக்கோடு கேட்டபடி காரணத்தோடு. கையும் விரிப்பும் டிவிஷன் 1. உடம்பு இன்னும் பள்ளி. இடது பக்கமும் தடுப்பாட்டமும் சாட்சி இல்லாத வழக்கு. இன்றைக்கே என்றால் வலுவான டிவிஷன் 2 லீகில் இரண்டாம் வருடம் தொடக்க ஐவரில் ஒருவன். அங்கே இரண்டு வருடம் முடியும்போது 180 பவுண்டும் எறிதலில் 0.7 வினாடியும் வந்திருந்தால், பிக் ஸ்கை மாதிரி சின்ன டிவிஷன் 1 லீகுகளிலிருந்து ஃபோன் வரும். மெசேஜ் போட்ட அந்த இரண்டு டிவிஷன் 2 கோச்சுகளுக்குப் பதில் எழுதினானா? முதல் வேலை அதுதான். பெரிய கல்லூரிக்காகக் காத்திருந்து அவர்களை விட்டுவிட்டால் நவம்பரில் அந்த இடமும் போயிருக்கும்.

அரைக்கோடு:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அதே பையன், அதே ஆறு ஆட்டம், அதே 47.9. உயரம் மட்டும் 6 அடி 6 என்று மாற்றினால்?

பெஞ்ச்_பொருளாளர்:

இந்த இழையே இருக்காது. அவன் ஃபோன் சார்ஜ் தீர்ந்து கிடக்கும்.